ஓரகத்திகளின் ஒற்றைக் காதுக்கருவி

பயணப்பெட்டிகள் விற்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில் அவருடைய அறை இருந்தது. பலகையில் ‘ஆடியாலஜிஸ்ட்’ என்று எழுதியிருந்ததால், மாதத்துக்கு ஒருவராவது பழுதான ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வருவார். முதல் இரண்டு வருடம், காதைச் சோதித்துக் கருவி மாட்டுபவர் என்று பலகைக்குப் பொருள் சொல்லித் திருப்பி அனுப்பினார். பிறகு இரண்டு தெரு தள்ளியிருந்த ரிப்பேர் கடையின் முகவரியைத் துண்டுத் தாள்களில் அச்சடித்து மேசையில் வைத்துக்கொண்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர்தான். ‘காதுக்காரர் இருக்காரா?’ என்று கீழ்க்கடையில் விசாரித்துவிட்டுத்தான் மேலே வருவார்கள்.

இந்தப் படிப்பை அவர் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் மூன்றாவது விருப்பம் என்ற கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் நின்றவன் எழுதியதைப் பார்த்து எழுதினார். அவனுக்கு வேறு படிப்பு கிடைத்தது. இவருக்கு இது கிடைத்தது. இப்போது நாற்பத்தாறு வயது. வேலை பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் போக நேரமும் இருந்ததில்லை.

வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, ‘இருக்கிறதிலேயே நல்ல மெஷின் எது?’ என்பதாக இருக்கும். அதற்கு அவர் பதில் சொன்னதே இல்லை. கண்ணாடி பதித்த சிறிய அறைக்குள் உட்காரவைத்து, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று வரைபடம் எடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி விசாரணை. யார் பேசினால் கேட்கவில்லை? எங்கே வைத்துக் கேட்கவில்லை? சாப்பிடும்போது மேசையில் எத்தனை பேர்? டிவி எந்தப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது? விரல் சொன்னபடி கேட்கிறதா? கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சை நம்பமாட்டார். ஒரு பொத்தான் பேட்டரியைக் கையில் கொடுத்து, கருவிக்குள் போட்டுக் காட்டச் சொல்வார். அது மூன்று முறை தரையில் உருண்டால் சார்ஜ் போடும் வகை. நாள் முழுக்க ஹெல்மெட் போடுகிற கூரியர்காரருக்குக் காதுக்குப் பின்னால் மாட்டுவது ஒத்துவராது, உள்ளே வைப்பதுதான். ஒரு தடவை ஒருவர், தான் கருவி போட்டிருப்பது மனைவிக்குத் தெரியவே கூடாது, அவ்வளவு சின்னதாக வேண்டும் என்றார். மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். மூத்தவருக்கு அறுபத்தெட்டு வயது, இளையவருக்கு அறுபத்துமூன்று. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு சலவைக்கடை நடத்தினார்கள். இரண்டு பேரும் காலமான பிறகு கடையை இந்த இரண்டு பேரும் நடத்தினார்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு. செவ்வாய் கடைக்கு விடுமுறை. மூன்று நாற்காலி போட்டிருந்த இடத்தில் நடுநாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள்.

மூத்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“எங்களுக்கு மெஷின் ஒண்ணு வேணும்.”

“ஆளுக்கு ஒண்ணா?”

“இல்ல. மொத்தமா ஒண்ணு.”

காதுக்காரர் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். எதிரில் இருப்பவரின் வாயசைவு தெரியும்படி நேராகப் பார்த்து, இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டார். அதே பதில் வந்தது.

காலை ஏழிலிருந்து ஒன்று வரை மூத்தவர் கடையைப் பார்த்துக்கொள்வாராம். ஒன்றிலிருந்து ஏழு வரை இளையவர். ஒரு நேரத்தில் கடையில் ஒருவர்தான் இருப்பார் என்பதால், இருப்பவர் போட்டுக்கொண்டால் போதுமாம். காசுக்காகச் சொல்லவில்லை, இரண்டு வாங்கினால் ஒன்று எப்போதும் சும்மா கிடக்கும், சும்மா கிடக்கிற பொருளை வாங்கி அடுக்கும் பழக்கம் வீட்டில் கிடையாது என்றார் மூத்தவர்.

“வீட்ல வேணாமா?” என்று கேட்டார் காதுக்காரர்.

“வீட்ல நாங்க பேசறதில்ல” என்றார் இளையவர். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னார்.

பேசாமல் எப்படி இன்றைக்குச் சேர்ந்து வந்தார்கள் என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. துணிக்கு ஊக்கில் குத்தும் அடையாளச் சீட்டுகளில் எழுதி, கடையில் மாட்டியிருக்கும் ஏப்ரனில் ஒருவருக்கொருவர் குத்திவிடுவார்கள். எட்டு வருடமாக அப்படித்தான்.

இருவரையும் சோதித்துப் பார்த்தார். மூத்தவருக்குத் தாழ்ந்த சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்டது. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் போயிருந்தன. வாடிக்கையாளர் சட்டை என்றாலும் கட்டை என்றாலும் பட்டை என்றாலும் அவருக்கு ஒன்றுதான். சலவைக்கடையில் இருந்ததால் சட்டை என்றே எடுத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். இளையவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது, அதுவும் அதிகமாக. இருவருக்கும் இரண்டு காதிலும் கருவி வேண்டியிருந்தது. முறைப்படி பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்கு.

நான்கு என்று சொன்னார். ஒருவருக்கு அமைத்ததை இன்னொருவர் போட்டால் ஒன்று கேட்காது, அல்லது காது வலிக்கும் என்று விளக்கினார். ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தர் போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டார்.

“எங்க வீட்ல படிக்கிற கண்ணாடி ஒண்ணுதான் இருக்கு” என்றார் மூத்தவர்.

அன்று காதுக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாள் முழுக்கப் படிவங்களோடு இருப்பவர்.

“இப்போ அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து எத்தனை இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்போ ஒண்ணு கொடுங்க.”

மறுநாள் இரண்டு பேர் கோப்பிலும் ‘கருவி ஒன்று’ என்று குறித்துக்கொண்டார்.

ஒரு கருவியை யாருக்குக் கொடுப்பதானாலும் அது எங்கே வேலை செய்யப்போகிறது என்று பார்த்துவிடுவது அவர் வழக்கம். சத்தம் அளக்கும் சின்ன மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு சலவைக்கடைக்குப் போனார். இரண்டு துவைக்கும் இயந்திரம், ஒரு உலர்த்தும் இயந்திரம், நீராவி இஸ்திரி. கவுன்ட்டரின் இந்தப் பக்கம் வாடிக்கையாளர் நிற்பார். அந்தப் பக்கம் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் உலர்த்தும் இயந்திரம் கடகடவென்று சுற்றும். அது சுற்றும்போது மீட்டர் எழுபது டெசிபலைத் தாண்டியது. இஸ்திரி அடிக்கடி உஸ்ஸென்று மூச்சுவிட்டது. ஈரக்காற்று சட்டைக் காலருக்குள் புகுந்தது. அரை மணி நேரம் ஓரமாக நின்று, யார் எந்தப் பக்கம் திரும்பிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். சும்மா போவானேன் என்று எடுத்துப்போயிருந்த தன் இரண்டு சட்டைகளையும் சலவைக்குப் போட்டுவிட்டு வந்தார்.

தேர்வு ஒரு வாரம் பிடித்தது. காதுக்குள் வைக்கும் வகை ஒரு ஆளின் காதுக்கென்றே வார்ப்பது. பங்கு போட முடியாது. ஆகவே காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. சார்ஜ் போடுவதானால் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் நின்றுவிடும்; ஆகவே பேட்டரி. போனில் இயக்கும் வசதி வேண்டாம். அவர்கள் வீட்டிலிருந்த போன் சுவரில் இருந்தது. ஈரம் புகாத மூடி வேண்டும். எதிரில் நிற்பவரின் குரலைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் வரும் சத்தத்தை அமுக்கும் மைக் வேண்டும். உலர்த்தும் இயந்திரத்துக்காகவே அது. ஆனால் ஒரேயடியாக அமுக்கிவிட்டால் இயந்திரம் நின்றது தெரியாமல் துணி கிடக்கும். ஆகவே பாதி அமுக்கினால் போதும்.

மூத்தவரின் வலது காதுக்குள் பொருந்தும்படி சிவப்பில் ஒரு காது அச்சு, இளையவரின் இடது காதுக்கு நீலத்தில் ஒன்று. கருவி ஒன்றே, அதை அச்சோடு இணைக்கும் குழாயை இழுத்துக் கழற்றி அச்சை மாற்றிக்கொள்ள வேண்டும். பொத்தானை அமுக்கினால் ஒரு பீப், அது மூத்தவர் அமைப்பு. இரண்டு பீப், இளையவர் அமைப்பு. இளையவருடையது சத்தம் கூடியது. தவறிப்போய் மூத்தவர் காதில் அது அலறிவிடக்கூடாது என்பதால், எப்போது போட்டாலும் முதலில் மூத்தவர் அமைப்பில் திறக்கும்படி வைத்தார்.

கம்பெனியிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதிக்கு இது பிடிக்கவில்லை. உத்தரவாத அட்டையில் உபயோகிப்பவர் பெயர் என்று ஒரே வரிதான் இருந்தது. காதுக்காரர் அதில் சலவைக்கடையின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

“கடைக்கு ஏதுங்க காது?” என்றார் பிரதிநிதி.

“கடையிலதான் போட்டுக்கப்போறாங்க.”

பிரதிநிதிக்கு அன்று இன்னும் ஐந்து ஊர் பாக்கி இருந்தது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

கருவியை முதலில் மூத்தவருக்கு மாட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்க நாற்காலி கிறீச்சிடுது” என்றார். அது பதினொரு வருடமாகக் கிறீச்சிட்டிருக்கிறது என்று அன்றுதான் காதுக்காரருக்குத் தெரிந்தது. பிறகு இளையவர் போட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, கீழே யாரோ பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சக்கரச் சத்தத்தைத் தெருமுனை வரைக்கும் கேட்டார்.

ஆறு வாரம் கழித்து இளையவர் அறுந்த குழாயோடு வந்தார். ஆறு மாதம் வரவேண்டிய குழாய். இது இரண்டாவது. முதலாவதுக்கு மாற்றாகக் கையில் கொடுத்திருந்ததுதான் இப்போது அறுந்திருந்தது. கருவியைக் கணினியில் பொருத்தி, அது தன்பாட்டில் குறித்துவைத்திருந்த கணக்கைப் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டிய இடத்தில் நாளுக்குப் பதினான்கரை மணி நேரம் ஓடியிருந்தது. ஒரு தடவை மாற வேண்டிய அமைப்பு முப்பது, முப்பத்தைந்து தடவை மாறியிருந்தது. பொத்தானில் கோளாறு என்று சோதனைப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். பொத்தான் நன்றாக இருந்தது.

எப்போது மாற்றிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு மணிக்கு, ஒரே ஒரு தடவை என்றார் இளையவர், பிடி கொடுக்காமல். காதுக்காரர் குழாயை மாற்றிக் கொடுத்தார்.

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து போகிற வழியில், கருவியைப் போட்டுவைக்க ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய டப்பாவைக் கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போனார். ஏழு மணியைத் தாண்டியிருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கூப்பிட்டால் கேட்காது என்பது அவரே எழுதிக் கொடுத்த விஷயம் என்பதால், குனிந்து உள்ளே போனார்.

பின்னறையில் துணி மடிக்கும் மேசையின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பழைய கோட்டு கிடந்தது. கருவி இளையவர் காதில் இருந்தது. மூத்தவர் பேசிக்கொண்டிருந்தார்.

“அந்தத் துணியையெல்லாம் நான் உன்னைக் கேட்டுட்டுத்தான் எடுத்துக் கொடுத்தேன். மூணு தடவை கேட்டேன். நீ பதிலே சொல்லல.”

இளையவர் கருவியைக் கழற்றினார். துணியால் துடைத்தார். நீல அச்சைப் பிடுங்கி, சிவப்பு அச்சைச் செருகி, மேசைமேல் தள்ளினார். மூத்தவர் எடுத்து மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிய பிறகு இளையவர் பேசினார்.

“மூணு தடவையும் மெஷின் ஓடிட்டிருந்திருக்கும். எனக்குக் கேக்கல.”

கருவி திரும்பி வந்தது. அச்சு மாறியது. இரண்டு பீப்.

“கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

இளையவர் மறுபடி துடைத்து, மாற்றி, தள்ளினார்.

“கேக்கலைங்கிறதே எனக்குத் தெரியலையே அக்கா.”

மூத்தவர் கருவியைக் கழற்றவில்லை. அது அவர் காதிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. கேட்பதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நான்கு பேச்சுக்கு ஏழு நிமிடம் ஆகியிருந்தது. காதுக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கையிலிருந்த டப்பாவைத் திறந்து, உள்ளே மணிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன.

அவரைக் கண்டதும் இருவரும் வெட்கப்படவெல்லாம் இல்லை. உட்காரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார்கள். எட்டு வருடத்துக்கு முன்பு, திருப்பி வாங்க ஆள் வராமல் கிடந்த துணிகளை மூத்தவர் ஒரு நாள் அள்ளி இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே ஒரு கோட்டுக்காரர் சீட்டோடு வந்து நின்றார். அப்போது கவுன்ட்டரில் இருந்தது இளையவர். கத்தலையெல்லாம் வாங்கிக்கொண்டதும் அவர்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு மூத்தவர் கூப்பிட்டால் இளையவர் திரும்புவதில்லை. இளையவர் ஏதாவது சொன்னால் மூத்தவர் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். திமிர் என்று மூத்தவரும், நக்கல் என்று இளையவரும் முடிவு கட்டி, முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கருவி வந்த மூன்றாம் வாரம் மூத்தவர்தான் அதை நீட்டி, போட்டுக்கொள், ஒன்று சொல்ல வேண்டும் என்று சைகை காட்டினாராம். அதற்குப் பிறகு தினமும் இரண்டரை மணி நேரம் சண்டை. மாடியில் இன்னும் ஒரு அறை நிறைய அப்படிப்பட்ட துணிகள் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து, வைப்பதா கொடுப்பதா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது.

காதுக்காரருக்கு மனசாட்சி உறுத்தியது. இப்படித் தவித்துப் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்காமல் விட்டோமே என்று, அடுத்த நாளே தன்னிடமிருந்த மாதிரிக் கருவிகளில் இரண்டை இருவருக்கும் தனித்தனியாக அமைத்து, இரண்டு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் இரண்டையும் சலவைக்கடைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் காது கேட்டா யாருமே கேக்கறதில்ல” என்றார் மூத்தவர். “நான் ஒண்ணு சொல்ல வாயைத் திறந்தா அவளும் திறக்கறா. முந்தாநாள் பாதியில எழுந்து போய்ப் படுத்துட்டா.”

“அக்கா சொல்றது சரிதான்” என்றார் இளையவர்.

எட்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் வாய்ப்பேச்சில் ஒத்துப்போன முதல் விஷயம், காதுக்காரரின் ஆலோசனை தவறு என்பதாக இருந்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்துக் கருவிகளை எடுத்து வைத்தார். பழைய கருவிக்கு, இழுத்துப் பிடுங்காமல் திருகிக் கழற்றும்படி ஒரு சின்ன இணைப்பைப் போட்டுக் கொடுத்தார். குழாய் பிழைத்தது. ஆனாலும், வேலை கொடுக்காத காது நாளடைவில் சொற்களைப் பிரித்தறிய மறந்துவிடும் என்று வருகிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஒருவர் பின் ஒருவராக.

மாடியறை வழக்கு ஐந்து மாதம் நடந்தது. இருநூற்றுச் சொச்சம் துணிகளில் பதினொன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்று முடிவானது. அந்தப் பதினொன்றும் எவை, ஏன் என்று மூத்தவர் ஒரு தடவை பட்டியலாகச் சொன்னார். காதுக்காரருக்கு நடுவில் விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு சண்டைக்கு விஷயம் குறைந்து, கருவி ஒரு மணி நேரத்தில் டப்பாவுக்குத் திரும்பியது. ஒருவர் டிவி பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று மற்றவருக்குச் சொன்ன நாளும் உண்டாம்.

பதினாறாவது மாதத்தில் கருவி துவைக்கப்பட்டது. ஒரு மணிக்கு ஷிஃப்டு மாறும்போது கருவியைக் கைமாற்றுவதற்குப் பதில் ஏப்ரன் பையில் போட்டுவிடும் பழக்கம் வந்திருந்தது. ஏப்ரனும் ஒன்றுதான். அதில் கறை பட்டதால் யாரோ ஒருவர் அதை இயந்திரத்தில் போட்டார். யார் என்பதை விசாரிக்க வழி இல்லை, ஏனென்றால் விசாரிக்கும் சாதனம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மறுபடியும் சீட்டு எழுதினார்கள். ‘பையைப் பார்க்கவில்லையா?’ என்று ஒரு சீட்டு. ‘நீங்கள் பார்த்தீர்களா?’ என்று பதில் சீட்டு. மூன்றாம் நாள் இருவரும் காதுக்காரர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். மூத்தவர் கருவியை வைத்தார். அவ்வளவு சுத்தமான பழைய கருவியைக் காதுக்காரர் பார்த்ததில்லை. சோப்பு வாசனை வந்தது. உயிர் இல்லை.

“ஆளுக்கு ஒண்ணு போடுங்க” என்றார் மூத்தவர்.

காதுக்காரர் காரணம் கேட்கவில்லை. இளையவரே சொன்னார். “இந்த ரெண்டு நாள் ரொம்பக் கஷ்டமாப் போச்சு. சீட்டுல எவ்வளவுதான் எழுதறது?”

இந்தத் தடவை முறைப்படி எல்லாம் செய்தார். ஆளுக்கு ஒன்று, மூன்று மாதம் பழகிய பிறகு இரண்டாவது காதுக்கும் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். இனி ஒரே கருவி இரண்டு ஷிஃப்டும் ஓயாமல் ஓட வேண்டியதில்லை என்பதால் சார்ஜ் போடும் வகை. இளையவருக்குப் பலம் கூடியது. மூத்தவருக்கு, தன் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்காமலிருக்க, அச்சில் பெரிய துளை வைத்தது. உத்தரவாத அட்டை இரண்டு, பெயர் இரண்டு. பிரதிநிதி இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

மாட்டி முடித்து அளந்து பார்த்த பிறகு, ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார்.

மூத்தவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “நான் பேசறப்போ இவ பேசாம இருக்கறமாதிரி இதுல ஏதாவது இருக்கா?”

“அப்படி எந்த மெஷின்லயும் இல்லம்மா.”

“இன்னும் வரலையா?”

“வரல.”

“வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க” என்றார் இளையவர்.

இருவரும் எழுந்து போனார்கள். படியில் இறங்கும்போது, கைப்பிடியைப் பிடித்துக்கொள் என்று ஒருவரும், நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் நீங்கள் பாருங்கள் என்று மற்றவரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டே போனது, கதவைச் சாத்திய பிறகும் கேட்டது. கீழே பயணப்பெட்டிக் கடையின் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும்வரை ஓயவில்லை. காதுக்காரர் இரண்டு கோப்புகளையும் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, ‘நன்றாகக் கேட்கிறது’ என்று இரண்டிலும் எழுதி வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த ஒரு பஸ் டிரைவரை உள்ளே கூப்பிட்டார்.